மை வைத்த கைக்குச் சோறு

சிதம்பரம்
12-11-61

மாமாவுக்கு மங்கலம் எழுதுவது.

நலம் விசாரிக்கிற நிலைமையில் நான் இல்லை. நேரே விஷயத்துக்கு வருகிறேன்.

முந்தாநாள் தம்பி அய்யனாரை ஸ்டேஷனுக்கு அழைத்துக்கொண்டு போய்விட்டார்கள். மேல வீதியில் ஒரு பாத்திரக் கடையில் கண்ணாடி பீரோவைத் திறந்து வெள்ளிச் சாமான்களை யாரோ எடுத்துவிட்டார்களாம். கடைக்காரர் இவன் பேரைச் சொல்லவில்லை. இவனை அவருக்குத் தெரியவே தெரியாது. போலீஸ்காரர்தான் நேராக எங்கள் தெருவுக்கு வந்தார். இங்கே நம் ஊர்க்காரர்கள் சில குடும்பம் குடியிருக்கிறோம் என்பது அவருக்குப் போதும். வாசலில் சைக்கிளுக்கு எண்ணெய் போட்டுக்கொண்டிருந்தவனை எந்த ஊர் என்று கேட்டிருக்கிறார். இவன் மறைக்கத் தெரியாமல் சொல்லிவிட்டான்.

சாயங்காலம் விட்டுவிட்டார்கள். அடிக்கவில்லை என்கிறான். ஆனால் சட்டையைக் கழற்றச் சொன்னால் கழற்ற மாட்டேன் என்கிறான். பீரோக் கண்ணாடியில் விரல் பதிந்திருக்கிறதாம், கூப்பிட்டால் வர வேண்டும் என்று சொல்லி அனுப்பியிருக்கிறார்கள்.

தாலுகா ஆபீஸில் டவாலி போடுகிற பியூன் வேலைக்கு அவன் இன்டர்வியூ போய்வந்தது உங்களுக்குத் தெரியும். பொங்கலுக்குள் ஆர்டர் வந்துவிடும் என்று எல்லாரும் சொல்கிறார்கள். எஸ்.எஸ்.எல்.சி. பாஸ் செய்துவிட்டு இரண்டு வருஷமாக வீட்டில் இருக்கிற பையன். அம்மா இப்போதே சிவப்பு டவாலிப் பட்டையை மாட்டுவதற்குச் சுவரில் ஆணி அடித்து வைத்திருக்கிறாள். இந்தச் சமயத்தில் போலீஸ் விவகாரம் என்று ஒரு வார்த்தை அந்த ஆபீஸுக்குப் போனால் எல்லாம் போச்சு.

நீங்கள் அந்த வேலையிலேயே இருக்கிறவர். இங்கே வந்து ஒரு வார்த்தை சொல்ல முடியுமா? வந்தால் அம்மாவிடம் ஜாக்கிரதை. நீங்கள் போலீஸ் ஆபீஸில் எழுத்து வேலை பார்ப்பதாகத்தான் இன்னும் சொல்லி வைத்திருக்கிறேன். மகளைக் கட்டின மருமகன் பிறர் விரலில் மை தடவி ரேகை எடுக்கிறவர் என்று தெரிந்தால் வீட்டில் விளக்கு ஏற்ற மாட்டாள்.

மங்கலம்

*

மஞ்சக்குப்பம், கடலூர்
15-11-61

மங்கலத்துக்கு,

கடிதம் கிடைத்தது. படித்ததும் எனக்குச் சிரிப்புத்தான் வந்தது. கோபித்துக்கொள்ளாதே. கண்ணாடியில் விரல் பதிந்திருக்கிறது என்பதைக் கெட்ட சேதி மாதிரி எழுதியிருக்கிறாய். அதைவிட நல்ல சேதி வேறு கிடையாது.

சாட்சி பொய் சொல்லுவான். போலீஸ்காரனும் சொல்லுவான், என் வாயாலேயே சொல்கிறேன். ரேகை சொல்லாது. ஒருத்தர் ரேகை இன்னொருத்தருக்கு இருக்காது. அண்ணன் தம்பிக்கும் கிடையாது, இரட்டைப் பிள்ளைகளுக்கும் கிடையாது. மேல்தோல் உரிந்தாலும் சுட்டுக்கொண்டாலும், ஆறியதும் அதே சுழி அதே இடத்தில் வந்து நிற்கும். எந்த ஊர்க்காரன், யார் மகன் என்றெல்லாம் அதற்குத் தெரியாது. நம்மைப் போன்றவர்களுக்கு இந்த உலகத்தில் நியாயம் சொல்ல ஒரு பொருள் உண்டு என்றால் அது இதுதான்.

ஆகையால் மச்சானை அடுத்த வாரம் இங்கே அனுப்பு. அவனாகவே வந்து கொடுத்தான் என்று இருக்கட்டும், அது அவனுக்கு நல்லது. நானே என் கையால் பத்து விரலையும் எடுத்து, கண்ணாடியில் இருக்கிறதோடு ஒப்பிட்டு, இவன் இல்லை என்று எழுதி வாங்கித் தருகிறேன். தண்டனை அடையாதவனுடைய ரேகைச் சீட்டைத் திருப்பிக் கொடுத்துவிட வேண்டும் என்று சட்டமே இருக்கிறது. அந்தச் சீட்டை உன் கையில் கொண்டுவந்து வைக்கிறேன். நீ அதை வைத்து அடுப்புப் பற்றவை.

அத்தையைப் பற்றி எழுதியிருந்தாய். ரிஜிஸ்டர் ஆபீஸ் வாசலில் போய் நின்று பார். பெரிய பண்ணைக்காரர்கள்கூடப் பெருவிரலை நீட்டிவிட்டுத் துண்டில் துடைத்துக்கொண்டு காபி சாப்பிடப் போகிறார்கள். நம் ஜனங்களுக்கு மட்டும்தான் மை என்றாலே உடம்பு நடுங்குகிறது. காலம் மாறிவிட்டது என்று யாராவது அத்தைக்குச் சொல்ல வேண்டும்.

கார்த்திகைக்கு வருவாய் அல்லவா? ஓட்டல் சாப்பாடு அலுத்துவிட்டது.

சாமிக்கண்ணு

*

சிதம்பரம்
27-11-61

மாமாவுக்கு,

தம்பி வந்து சேர்ந்தான். கண்ணாடியில் இருந்த விரல் அவனுடையது இல்லை என்று எழுதிவிட்டீர்களாம். நல்லது. நன்றி சொல்ல வேண்டும், சொல்கிறேன்.

ஆனால் நடந்ததையும் கேளுங்கள். பஸ்ஸை விட்டு இறங்கி நேரே வீட்டுக்கு வந்தான். கையைக் கழுவித்தான் இருந்தான். நகக்கண்ணில் கறுப்பு நின்றிருக்கிறது, விரலில் கிரசின் வாசனை. நான் உங்களுக்குக் கழுவிவிடும்போது எனக்குப் பழகிப்போன வாசனை. அம்மா அவன் கையைப் பிடித்து மோந்து பார்த்தாள். எங்கே போயிருந்தாய் என்று ஒரு வார்த்தை கேட்கவில்லை. இலையில் சோற்றைப் போட்டாள். அவன் கையை வைக்கப் போனபோது தடுத்துவிட்டு, தானே பிசைந்து அவனுக்கு ஊட்டினாள். வளர்ந்த பையன், மீசை வைத்தவன், வாயைத் திறந்துகொண்டு உட்கார்ந்திருந்தான். அவனுக்கு எதற்கென்று தெரியாது. எனக்குத் தெரியும்.

உங்களுக்குத் தெரிந்திருக்க நியாயமில்லை. மாமா, அதாவது உங்க அப்பா, கைரேகைச் சட்டம் நம் ஊருக்கு வருவதற்கு முன்பே அங்கிருந்து கிளம்பிக் கடலூர் துறைமுகத்துக்கு மூட்டை தூக்க வந்துவிட்டார். நாங்கள் அங்கேயே இருந்தோம். நம் ஜனமே பிறவித் திருடர்கள் என்று சர்க்கார் எழுதி வைத்ததால், ஊரில் ஆம்பிளையாகப் பிறந்த எல்லாரும் ஸ்டேஷனில் பத்து விரலையும் கொடுத்திருக்க வேண்டும். இருட்டினால் அங்கேயே போய்ப் படுக்க வேண்டும். எங்க அப்பா ஆண்டி ஒரு கீரைக்கட்டைக்கூடக் கேட்காமல் எடுத்தது கிடையாது. அவரும் போய்ப் படுத்தார். ரேகை வைத்துவிட்டு வருகிற அன்று எந்த ஆம்பிளையும் தன் கையால் சோறு தொட மாட்டான். வீட்டுப் பெண்பிள்ளைதான் ஊட்ட வேண்டும். அந்தக் கை சாப்பிடுகிற கை இல்லை, அன்றைக்கு அது சர்க்கார் கை என்பார்கள். அம்மா அப்பாவுக்கு ஊட்டுவதைக் கதவு இடுக்கு வழியாக நான் பார்த்திருக்கிறேன். அப்பா கண்ணை மூடிக்கொண்டு மெல்லுவார்.

பண்ணைக்காரர் விரலை நீட்டுவது நிலம் வாங்க. எங்கப்பா விரலை நீட்டியது தன் வீட்டில் தான் தூங்க முடியாமல் போக. இரண்டும் ஒன்றென்று உங்களுக்கு யார் சொல்லிக்கொடுத்தது?

அவனை அனுப்பியது நான் என்பதால் அம்மா என்னோடு பேசுவதில்லை. எடுத்தது நீங்கள் என்று அவளுக்கு இன்னும் தெரியாது. தம்பியிடம் சத்தியம் வாங்கி வைத்திருக்கிறேன். சீட்டைச் சீக்கிரம் அனுப்பிவையுங்கள்.

மங்கலம்

பி.கு: உங்கள் பழைய லென்ஸ் இங்கேதான் இருக்கிறது. நான் பாடம் சொல்லித்தருகிற பள்ளிக்கூடப் பிள்ளைகளுக்கு எறும்பு காட்ட எடுத்துப்போகிறேன்.

*

மஞ்சக்குப்பம்
6-12-61

மங்கலத்துக்கு,

சீட்டு வரும். கேஸ் முடியும்வரை இருக்கட்டும் என்று இன்ஸ்பெக்டர் ஐயா சொல்லியிருக்கிறார். ஆபீஸ் என்றால் அதற்கென்று ஒரு முறை இருக்கிறது, கடையில் சில்லறை வாங்குகிற மாதிரி கையை நீட்ட முடியாது.

உன் கடிதம் எனக்கு வருத்தமாக இருந்தது. நான் என்னவோ அந்தக் காலத்துப் போலீஸ்காரன் மாதிரி எழுதியிருக்கிறாய். நம் ஜனங்கள் ரேகை கொடுத்துக்கொண்டே இருந்தார்கள். இன்றைக்கு அதே ஜனத்தில் ஒருவன் ரேகை எடுக்கிற நாற்காலியில் உட்கார்ந்திருக்கிறான். நான் சொன்னால் இன்ஸ்பெக்டர் கேட்கிறார், கோர்ட்டில் ஜட்ஜ் கேட்கிறார். இதில் உனக்குக் கொஞ்சம்கூடப் பெருமை இல்லையா? பரீட்சை எழுதி இந்த இடத்துக்கு வந்தேன். யாரும் தூக்கி வைக்கவில்லை.

கார்த்திகைக்கு நீ வரவில்லை. பள்ளிக்கூடத்தில் பரீட்சை என்று எழுதியிருந்தாய். பொங்கல் லீவுக்காவது வா.

சாமிக்கண்ணு

*

சிதம்பரம்
20-1-62

மாமாவுக்கு,

லீவுக்கு நான் வராததற்குக் காரணம் கேட்டு எழுதியிருந்தீர்கள். காரணம் இதோ.

மாட்டுப் பொங்கலன்று தம்பியை மறுபடியும் அழைத்துப்போனார்கள். பஸ் ஸ்டாண்டில் யாரோ ஒரு பெண்பிள்ளை கழுத்துச் சங்கிலி போய்விட்டதாம். முன்பெல்லாம் தெருவில் கையில் அகப்பட்டவனைக் கூட்டிப்போவார்கள். இந்தத் தடவை அப்படி இல்லை. வந்தவர் கையில் ஒரு காகிதம். "ஆண்டி மகன் அய்யனார், இடது புருவத்துல தழும்பு, அவன் எங்க?" என்று கேட்டார். வாசலில் கோலம் போட்டுக்கொண்டிருந்த அம்மா எழுந்து நின்றாள். செத்துப்போன தன் புருஷன் பேரைப் போலீஸ்காரன் வாயிலிருந்து மறுபடியும் கேட்டாள்.

புருவத் தழும்பு எப்படித் தெரிந்தது என்று நான் கேட்க மாட்டேன். உங்கள் சீட்டில் அதற்கென்று ஓர் இடம் இருக்கிறது என்று நீங்களே ஒரு நாள் எனக்குக் காட்டியிருக்கிறீர்கள்.

தம்பியைத் துருவித் துருவிக் கேட்டேன். நீங்கள் அவன் விரல்களை இரண்டு காகிதத்தில் உருட்டினீர்களாம். முதல் காகிதம் முடிந்ததும் மறுபடி மை தடவி இன்னொன்று. அப்போது அவன் எதுவும் நினைக்கவில்லை, மாமன்தானே என்று இருந்துவிட்டான். இரண்டாவது காகிதம் எங்கே போயிற்று?

இன்னொன்றும் கேட்கிறேன். அந்தச் சீட்டை எடுக்கும்போதோ அதற்குப் பிறகோ, இவன் என் பெண்டாட்டியின் தம்பி என்று உங்கள் இன்ஸ்பெக்டரிடம் சொன்னீர்களா, இல்லையா?

மங்கலம்

*

மஞ்சக்குப்பம்
24-1-62

மங்கலத்துக்கு,

யாருக்கு எடுத்தாலும் இரண்டு எடுப்பதுதான் வழக்கம். ஒன்று இங்கே, ஒன்று மெட்ராஸ் தலைமை ரேகை ஆபீஸுக்கு. கை அப்படியே பழகிப்போய்விட்டது. முதல் சீட்டு காய்வதற்குள் அடுத்ததை உருட்டிவிடுவோம். வேண்டுமென்று செய்ததில்லை. அன்றைக்கு எடுத்ததெல்லாம் ஒரே கட்டாகக் கட்டிச் சாயங்காலம் மெட்ராஸ் தபாலில் போய்விட்டது.

அங்கே லட்சம் சீட்டு இருக்கும். அதில் இவனுடையது எங்கோ ஒரு மூலையில் கிடக்கப்போகிறது. தாலுகா ஆபீஸ் வேலைக்கும் இதற்கும் சம்பந்தமில்லை.

மற்றதை நேரில் பேசிக்கொள்ளலாம். எல்லாவற்றையும் கடிதத்தில் எழுத முடியாது.

சாமிக்கண்ணு

*

சிதம்பரம்
26-2-62

மாமாவுக்கு,

சம்பந்தம் இருக்கிறது.

தம்பியை எடுத்துக்கொள்வதற்கில்லை என்று தாலுகா ஆபீஸிலிருந்து வந்துவிட்டது. போலீஸ் ரிப்போர்ட் திருப்திகரமாக இல்லையாம். தெரிந்த குமாஸ்தா ஒருவரைப் பிடித்துக் கேட்டேன். அவர் நல்ல மனுஷர், குரலைத் தாழ்த்திக்கொண்டு சொன்னார்: "கேஸ்லாம் ஒண்ணுமில்லம்மா. ஆனா ரேகை ரெகார்டுல இருக்குன்னு எழுதியிருக்காங்க. ரேகை இருக்கிறவனுக்கு எப்படிம்மா டவாலி போட்டுவுடறது?" அவர் முகத்தில் உண்மையாகவே பரிதாபம் இருந்தது. ஏன் எடுத்தார்கள், எடுத்துவிட்டு என்ன தெரிந்தது என்று அவருக்குக் கேட்கத் தோன்றவில்லை. ரேகை எடுத்திருக்கிறார்கள் என்றால் ஏதோ இருக்கும் என்று அவரே முடிவு செய்துவிட்டார். தெருவிலும் அப்படித்தான். எதிர்வீட்டு ஆரோக்கியம்மாள் இப்போதெல்லாம் கொடியில் காய்கிற துணியை எண்ணி எடுக்கிறாள்.

குற்றவாளி இல்லை என்று காட்டுவதற்காக அவனாகவே வந்து கொடுத்தான். கொடுத்ததனாலேயே குற்றவாளி ஆனான். நியாயம் சொல்கிற பொருள் என்று எழுதினீர்களே, இதுதான் அதன் நியாயமா? அது எந்த ஊர் என்று கேட்காது, வாஸ்தவம். கேட்கிறவர்கள் கையில்தானே அது இருக்கிறது.

தேர்தலன்று ஓட்டுப் போட்டவர்களுக்கு இந்தத் தடவை விரலில் மை வைத்தார்கள். நானும் வைத்துக்கொண்டு வந்தேன். ஊருக்கே கொண்டாட்டமாக இருந்தது, பிள்ளைகள்கூட விரலைக் காட்டச் சொல்லிப் பார்த்தன. அம்மாவைக் கூப்பிட்டுக் கூப்பிட்டு எனக்கு வாய் வலித்ததுதான் மிச்சம். "ராஜாவாவே ஆக்கறேன்னு சொல்லட்டும், என் விரல்ல மை வைக்க வுடமாட்டேன்"னு உட்கார்ந்துவிட்டாள். போன வருஷமாக இருந்தால் நானும் சிரித்திருப்பேன்.

அவளிடம் எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன், எடுத்தது யார் என்பதையும். அவள் அழவில்லை. சுவரில் அடித்த ஆணியைப் பிடுங்கி அடுப்பங்கரையில் வைத்தாள்.

நான் கடலூருக்கு வரப்போவதில்லை. என் புடவைகளை யாரிடமாவது கொடுத்தனுப்புங்கள்.

மங்கலம்

*

மஞ்சக்குப்பம்
5-3-62

மங்கலத்துக்கு,

புடவைகளை அனுப்ப மாட்டேன். வந்து எடுத்துக்கொண்டு போ.

எல்லாப் பழியையும் என் தலையில் போடுகிறாய். இந்தச் சட்டத்தை நான் செய்தேனா? நான் அந்த ஆபீஸில் கடைசி நாற்காலி. ஆனால் கண்ணாடியில் இருந்த ரேகை அய்யனாருடையது இல்லை என்று சொன்னதும் நான்தான். நான் சொல்லியிருக்காவிட்டால் அவன் இன்றைக்கு ஜெயிலில் இருந்திருப்பான். அதை ஏன் எல்லாரும் மறந்துவிடுகிறீர்கள்?

நீ கேட்ட கேள்விக்குப் பதில்: சொல்லவில்லை. இவன் என் மச்சான் என்று சொன்னால் என் பெண்டாட்டி எந்த ஊர் என்று கேட்பார்கள். அடுத்தது எங்கப்பா எந்த ஊர் என்று கேட்பார்கள். என் பேப்பரில் கடலூர் முதுநகர் என்றுதான் இருக்கிறது. உன் தம்பிக்கு ஒரு வேலை போயிற்று. எனக்கு இருக்கிற வேலையும் போக வேண்டுமா? இதை எழுத வேண்டாம் என்றுதான் நேரில் பேசலாம் என்றேன். நீ எழுத வைத்துவிட்டாய்.

சாமிக்கண்ணு

*

சிதம்பரம்
12-3-62

மாமாவுக்கு,

உங்களிடமிருந்து வந்ததிலேயே உண்மையான கடிதம் அது ஒன்றுதான். அதற்காகப் பத்திரமாக வைத்திருக்கிறேன்.

அய்யனார் போன மாதம் முதல் பரங்கிப்பேட்டைப் பக்கம் ஒரு சுண்ணாம்புக் காளவாயில் கூலிக்குப் போய்வந்தான். கிளிஞ்சலைச் சுட்டுத் தண்ணீர் தெளித்து நீற்றுகிற இடம். போன வாரம் தண்ணீர் ஊற்றிக் கொதித்துக்கொண்டிருந்த சுண்ணாம்பில் இரண்டு கைகளின் விரல்களையும் நுழைத்து வைத்திருக்கிறான். தவறி விழவில்லை. பக்கத்திலிருந்தவர் கையைப் பிடித்து இழுத்திருக்காவிட்டால் எலும்புதான் மிஞ்சியிருக்கும்.

ஏண்டா இப்படிச் செய்தாய் என்று கேட்டேன். "அக்கா, சீட்டுல இருக்கிற விரல் இப்ப என்கிட்ட இல்ல. இனிமே அது எவனோ ஒருத்தன்" என்றான். சொல்லும்போது அவன் முகத்தில் இருந்த சந்தோஷத்தை நீங்கள் பார்த்திருக்க வேண்டும். நீங்கள் முதல் கடிதத்தில் எழுதியிருந்ததை நான் அவனிடம் சொல்லவில்லை.

கை இரண்டும் கட்டில் இருக்கிறது. அம்மா மூன்று வேளையும் ஊட்டுகிறாள்.

மங்கலம்

*

கடலூர்
10-4-62

மங்கலம்,

உன் கடிதம் வந்து பல நாள் பதில் எழுத முடியவில்லை. எழுத உட்கார்ந்து உட்கார்ந்து எழுந்துவிட்டேன்.

இன்ஸ்பெக்டர் ஐயாவிடம் போய்ச் சொன்னேன். அய்யனார் என் மச்சான், அவனை விரலைச் சுட்டுக்கொள்கிற நிலைமைக்குக் கொண்டுவந்துவிட்டோம், சட்டப்படி அவன் சீட்டைக் கொடுத்துவிடுங்கள், மெட்ராஸுக்கும் எழுதுங்கள் என்று கேட்டேன். அவர் பேனாவை மூடி வைத்தார். அவர் என்னை ஒரு நாளும் வா போ என்று பேசியதில்லை. அன்றைக்குச் சொன்னார்: "அப்ப நீயும் அந்த ஊரு வகையறாதானா? இத்தன நாளா ரேகைப் பெட்டிய உன் கையில குடுத்து வச்சிருந்தேனே."

கோபமாகச் சொல்லியிருந்தால்கூட எனக்கு ஆறுதலாக இருந்திருக்கும். சிரித்துக்கொண்டே சொன்னார். பீரோவைத் திறந்து மச்சான் சீட்டை எடுத்து மேஜைமேல் போட்டு, கொண்டுபோய் அடுப்பெரி என்றார். எனக்கு ஒரு நிமிஷம் ஜெயித்துவிட்ட மாதிரி இருந்தது. மெட்ராஸில் இருப்பது அங்கேதான் இருக்கும், அதற்கு அவர் எழுதப்போவதில்லை, அது அவர் வேலை இல்லை என்றார்.

பிறகு தேவசகாயத்தைக் கூப்பிட்டார். என்னிடம் தொழில் கற்றுக்கொண்டவன். என் விரல்களை எடுக்கச் சொன்னார். ஆபீஸில் யாருக்கும் எடுத்ததில்லை, எனக்கு மட்டும்தான். தேவசகாயம் என் முகத்தைப் பார்க்கவில்லை. நான் அவனுக்குக் கற்றுக்கொடுத்தபடியே என் மணிக்கட்டைப் பிடித்து நகத்தின் ஓரத்திலிருந்து ஓரம்வரை உருட்டினான். முதல் சீட்டு முடிந்ததும் இரண்டாவதுக்கு மை தடவினான். நான் கையை இழுத்துக்கொள்ளவில்லை. நல்ல ரேகை, தெளிவாக விழுந்தது என்று என் கண் தானாகவே பார்த்தது. அதை நினைத்தால்தான் எனக்கு இன்னும் கூசுகிறது.

இப்போது நான் அந்தப் பிரிவில் இல்லை. ஆயுதக் கிடங்கு வாசலில் காவல் நிற்கிறேன். உள்ளே போக அனுமதி இல்லை.

அன்றைக்கு மத்தியானம் ஓட்டலுக்குப் போனேன். இலை போட்டார்கள், சோறு வைத்து சாம்பார் ஊற்றினார்கள். கையை வைக்க முடியவில்லை. சோப்புப் போட்டு, கிரசின் போட்டு, சாம்பல் போட்டுத் தேய்த்துவிட்டுத்தான் வந்திருந்தேன். இருந்தும் முடியவில்லை. பக்கத்து இலைக்காரர் எனக்கு உடம்பு சரியில்லையா என்று கேட்டார். ரேகை கொடுத்த ஊரில் நான் வளராதவன். எனக்கு இதை யாரும் சொல்லிக்கொடுத்ததில்லை, நீ எழுதியதைத் தவிர. அப்படியே இலையை மடித்துவிட்டு எழுந்துவிட்டேன்.

மச்சான் சீட்டை இதோடு வைத்திருக்கிறேன். நான் கொடுத்த வாக்கில் பாதி.

நான் அங்கே வரட்டுமா? அத்தையின் காலில் விழ வேண்டும் போல இருக்கிறது. அத்தையிடம் இந்தக் கடிதத்தைப் படித்துக் காட்டு. என் கைக்கும் மை வைத்துவிட்டார்கள் என்று சொல். நான் வந்தால் அத்தை ஒரு கவளம் எனக்கு ஊட்டுவார்களா என்று கேட்டு எழுது.

சாமிக்கண்ணு

*

சிதம்பரம்
28-4-62

மாமாவுக்கு,

சீட்டு வந்து சேர்ந்தது.

தம்பிக்குக் கட்டைப் பிரித்துவிட்டார்கள். பழைய தோல் வெள்ளையாக உரிந்து, உள்ளேயிருந்து குழந்தைத் தோல் மாதிரி சிவப்பாகப் புதுசு வந்திருக்கிறது. மடக்க முடிகிறது. அவன் தூங்கும்போது வலது கையை எடுத்து என் மடியில் வைத்துக்கொண்டு, உங்கள் லென்ஸால் பார்த்தேன். பக்கத்தில் நீங்கள் அனுப்பிய சீட்டையும் வைத்துக்கொண்டேன். முன்பு நீங்கள் எனக்குச் சொல்லிக்கொடுத்தபடி, சுழி எங்கே தொடங்குகிறது, கோடு எங்கே பிரிகிறது என்று ஒவ்வொரு விரலாக வைத்து ஒப்பிட்டேன். நீங்கள் சொன்னது சரி மாமா. ஒன்றும் மாறவில்லை. அதே சுழி அதே இடத்தில் வந்து நிற்கிறது.

அவனிடம் சொல்லவில்லை. கை ஆறினதும் வேறு ஊரில் வேலைக்கு மனுப் போடப் போவதாகப் பேசிக்கொண்டிருக்கிறான். எத்தனை நாளைக்கு அந்தச் சந்தோஷத்தில் இருக்கிறானோ இருக்கட்டும்.

சீட்டை அடுப்பில் போட்டேன். நீங்கள் சொன்ன மாதிரியே நன்றாகப் பற்றிக்கொண்டது. அந்த அடுப்பில்தான் அன்றைக்குச் சோறு பொங்கினேன்.

உங்கள் கடிதத்தை அம்மாவுக்குப் படித்துக் காட்டினேன். உங்கள் விரலைத் தேவசகாயம் உருட்டின இடம் வந்தபோது படிப்பதை நிறுத்திவிட்டேன். அம்மா, நிறுத்தாதே, படி என்றாள். ஓட்டலில் நீங்கள் இலையை மடித்ததைக் கேட்டதும் முந்தானையால் கண்ணைத் துடைத்தாள். என்ன இருந்தாலும் நீங்கள் அவளுக்கு அண்ணன் மகன். எனக்கும் மனசு இளகிவிட்டது, அதை மறைக்கவில்லை. வரச் சொல்லி எழுதட்டுமா என்று நானே கேட்டேன்.

அம்மா எழுந்துபோய் அடுப்பை அணைத்துவிட்டு வந்தாள். பிறகு சொன்னதை அவள் சொன்னபடியே எழுதுகிறேன்:

"வரட்டும். அண்ணன் புள்ள, வாசல்ல நிக்க வைக்கமாட்டேன். எல போடுறேன், சோறு வைக்கிறேன், கொழம்பு ஊத்துறேன். ஆனா ஊட்டமாட்டேன்னு எழுது. எங்க ஆம்பிளைங்க கைய இழுத்து வச்சி எடுத்தாங்க, அதனால ஊட்டுனோம். இவன் கை எத்தன பேரு விரல உருட்டியிருக்கும். அந்தக் கையாலயே அவன் பெசஞ்சி சாப்புடட்டும்."

மங்கலம்